சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு: கிழக்கு வழியா, மேற்கு வழியா?

சென்னை விமான நிலையத்திற்கும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திற்கும் இடையே உள்ள தூரத்தைக் கேட்டால், தூரம் கணக்கிடும் எந்த இணையப் பக்கமும் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் என்று நொடியில் சொல்லிவிடும். அதை மணிக்கு 900 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்துப் பயண நேரம் பதினைந்தரை மணி என்றும் காட்டும். இரண்டு எண்களும் கணக்கின்படி சரியானவை. ஆனால் பயணிக்கு அவற்றால் பயனில்லை. அந்தத் தூரத்தை அந்த நேரத்தில் நேராகக் கடக்கும் பயணிகள் விமானம் சென்னையிலிருந்து கிடையாது. எந்த நிறுவனத்தில் சீட்டு வாங்கினாலும் குறைந்தது ஓர் ஊரிலாவது இறங்கி மாற வேண்டும். அந்த ஊர் ஹாங்காங்கா, சிங்கப்பூரா, துபாயா, பிராங்க்பர்ட்டா, லண்டனா, டெல்லியா என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய செய்தி. அந்த முடிவைப் பொறுத்துப் பயணத்தின் தூரம், நேரம், உடல் அலைச்சல், விசாத் தொல்லை ஆகிய நான்கும் மாறுகின்றன. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கும்போது பெரும்பாலும் கட்டணத்தை மட்டும் பார்த்து இம்முடிவை எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில் பூமியின் அமைப்பைப் பார்ப்போம். சென்னை கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையிலும் சான் பிரான்சிஸ்கோ மேற்குத் தீர்க்கரேகை 122 பாகையிலும் உள்ளன. கிழக்குத் திசையில் எண்ணினால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 157 பாகை, மேற்குத் திசையில் எண்ணினால் 203 பாகை. அதாவது, இவ்விரு ஊர்களும் உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை என்று சொல்லும் அளவுக்கு விலகியிருக்கின்றன. உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், மிகக் குறுகிய வழி பசிபிக் கடலின் நடுவே போவதில்லை என்பது தெரியும். அது சென்னையிலிருந்து வடகிழக்காக ஒடிசாவின் மேல் ஏறி, எவரெஸ்ட் சிகரத்தின் பக்கமாக இமயமலையைத் தாண்டி, திபெத், மங்கோலியா, பைக்கால் ஏரி, கிழக்குச் சைபீரியா என்று போய், ஆர்க்டிக் வட்டத்திற்குச் சற்று உள்ளே வளைந்து, அலாஸ்காவின் மேற்கு முனை வழியாகக் கலிபோர்னியாவுக்கு இறங்குகிறது. பார்ப்பதற்கு அழகான கோடுதான். ஆனால் விமானத்துக்குள் அழுத்தம் குறைந்துவிட்டால் உடனடியாகப் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. தரையே அதைவிட உயரமாக இருக்கும் திபெத்தின் மேல் அவ்வாறு இறங்க முடியாது என்பதால், விமானங்கள் பொதுவாக அப்பகுதியைத் தவிர்க்கின்றன. ஆகவே அந்த 13,900 கிலோமீட்டர் ஓர் அளவுகோலாக மட்டுமே பயன்படும். எந்த வழி அதைவிட எவ்வளவு கூடுகிறது என்று ஒப்பிட அது உதவும்.

மாறும் ஊர்கள் வழியாகக் கணக்கிட்டால், டெல்லி வழி ஏறத்தாழ 14,100 கிலோமீட்டர், ஹாங்காங் வழி 14,800, துபாய் வழி 16,000, சிங்கப்பூர் வழி 16,500, பிராங்க்பர்ட் வழி 16,700, லண்டன் வழி 16,900 என்று வருகிறது. டோக்கியோ வழி 14,700தான். ஆனால் சென்னைக்கும் டோக்கியோவின் நரிட்டா நிலையத்துக்கும் இடையே 2019இல் தொடங்கிய நேரடிச் சேவை கொரோனாக் காலத்தில் நின்றுபோனதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தப் பட்டியலில் கவனிக்கத் தக்கது சிங்கப்பூரின் இடம். அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகச் சிங்கப்பூர் தான் நேர்வழி என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உண்மையில் சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடப்பதால், சென்னையிலிருந்து முதலில் தெற்கே இறங்கி, பிறகு அந்தத் தெற்கையும் சேர்த்து வடக்கே ஏற வேண்டியிருக்கிறது. ஹாங்காங்கைவிட ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் கூடுதல். துபாயைவிடவும் சிங்கப்பூர் வழிதான் நீளம். வரைபடத் தாளில் நேர்கோடு போட்டுப் பார்ப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

தூரம் இப்படியிருக்க, நேரம் வேறு கணக்கில் போகிறது. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலுவான காற்றோட்டம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் இக்காற்று ஜப்பானுக்கு மேலும் அதற்குக் கிழக்கே வட பசிபிக்கிலும் குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது இயல்பு. (இதை முதலில் அளந்து எழுதியவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். 1926இல் வெளிவந்த தம் அறிக்கையை உலகமெல்லாம் படிக்கட்டும் என்று, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் எழுதினார்; உலகம் படிக்கவில்லை.) இக்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே பறக்கும் விமானம், அதே தூரத்தை எதிர்த்திசையில் பறக்கும் விமானத்தைவிட இரண்டு மணி நேரம் வரை முன்னதாகச் சேர்ந்துவிடும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஏர் இந்தியாவின் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ சேவை. அச்சேவை முதலில் அட்லாண்டிக் பக்கமாகப் போய்வந்தது. 2016 அக்டோபரில் போகும் வழியை மட்டும் பசிபிக் பக்கம் திருப்பினார்கள். புதிய வழியின் நீளம் 15,000 கிலோமீட்டருக்கும் மேல். பழைய வழியைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாகச் சுற்று. ஆனாலும் பயண நேரம் ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணி நேரமாயிற்று. திரும்பும்போது வழக்கம்போல் அட்லாண்டிக் வழியாக, அப்போதும் கிழக்கு நோக்கியே பறந்தார்கள். போகும்போதும் வரும்போதும் கிழக்கு முகமாகவே பறந்து, ஒரு போக்குவரத்தில் பூமியை ஒருமுறை சுற்றி முடித்தது அந்த விமானம். தனிப் பயணியும் இதே உத்தியைக் கையாளலாம் என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து.

காற்றையும் சேர்த்துக்கொண்டு, வானத்தில் கழியும் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் நிலைமை இவ்வாறு இருக்கிறது. போகும்போது சென்னையிலிருந்து ஹாங்காங் ஏறத்தாழ ஐந்தரை மணி, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ பதின்மூன்று மணி, ஆகப் பதினெட்டரை. சிங்கப்பூர் வழியில் நான்கரையும் பதினைந்தரையும் சேர்ந்து இருபது. துபாய் வழியில் நாலேகாலும் பதினாறும் சேர்ந்து இருபதேகால். பிராங்க்பர்ட், லண்டன் ஆகிய இரண்டிலும் எதிர்க்காற்றில் போவதால் இருபத்திரண்டு. ஹாங்காங்குக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே மூன்றரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது. போகும் திசையில் கிழக்கு வழி தெளிவாக வெல்கிறது.

திரும்பும்போது இந்த வித்தியாசம் கரைந்துபோகிறது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹாங்காங்குக்கு எதிர்க்காற்றில் பதினைந்து மணிக்கு அருகில் ஆகும். பிறகு சென்னைக்கு ஏறத்தாழ ஆறு. ஆக இருபத்தொன்றை ஒட்டி வரும். சிங்கப்பூர் வழியில் முதல் பறப்பே பதினேழு மணியைத் தொடும்; அதனுடன் நான்கு சேர்த்தால் அதுவும் இருபத்தொன்று. பிராங்க்பர்ட் வழியில் பதினொன்றும் ஒன்பதரையும் சேர்ந்து இருபதரை. துபாய் வழியில் இருபதை ஒட்டி வரும். எல்லாமே ஒரு மணி நேர வேறுபாட்டுக்குள் அடங்கிவிடுவதால், வரும் வழியை நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. அங்கே வேறு அளவுகோல்கள் வேண்டும்.

அவற்றுள் முதன்மையானது, பயணம் எப்படிப் பிளவுபடுகிறது என்பது. இருபது மணி நேரப் பயணம் நாலேகாலும் பதினாறுமாகப் பிரிவதும், பத்தரையும் பதினொன்றரையுமாகப் பிரிவதும் உடலுக்கு ஒன்றல்ல. சென்னையிலிருந்து நெடுந்தூர விமானங்கள் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படுகின்றன. இரவு பதினொரு மணிக்குச் சிங்கப்பூர் விமானத்தில் ஏறுபவர், உணவு கொடுத்து விளக்கணைத்த சிறிது நேரத்தில் எழுப்பப்பட்டு, நம்மூர் நேரம் அதிகாலை மூன்றரைக்குச் சாங்கி நிலையத்தில் நடந்துகொண்டிருப்பார். உறக்கம் மிக ஆழ்ந்திருக்க வேண்டிய வேளை அது. துபாய்க்குப் போனாலும் ஏறத்தாழ இதே கதைதான். அதன் பிறகு பதினாறு மணி நேரம் ஒரே இருக்கை. மாறாக, நள்ளிரவுக்குப் பின் ஐரோப்பாவுக்குப் புறப்படும் விமானத்தில் ஏறியவர் தம் இரவை முழுமையாகத் தூங்கி, நம்மூர்க் கணக்கில் முற்பகலிலோ நண்பகலிலோ இறங்குவார். மாற்றத்தின்போது கால்களுக்கு நடை கிடைக்கும். முகம் கழுவி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பதினொரு மணி நேரத்துக்கு ஆயத்தமாகலாம். ஹாங்காங் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: நள்ளிரவு ஒரு மணிக்குப் புறப்படும் விமானமானால், நம்மூர் நேரம் காலை ஆறரைக்கு, அதாவது அங்கே ஒன்பது மணிக்கு, இறங்கலாம்; நல்ல தூக்கம் இல்லையென்றாலும் பாதித் தூக்கமாவது கிடைக்கும்.

உட்கார்ந்தே இருப்பதன் மருத்துவப் பக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. நலமான உடல் உடையவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், ஏற்கெனவே இரத்த உறைவு கண்டவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள் ஆகியோருக்கு இது ஏட்டுக் கணக்கன்று. அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, பதினாறு மணி நேரப் பறப்பைத் தவிர்த்து இரண்டு சமபாதிகளாகப் பிரியும் ஐரோப்பிய வழியை எடுப்பதே நல்லது. இரண்டு மணி நேரக் கூடுதல் அதற்குக் கொடுக்கத் தகுந்த விலை. விமான வகையும் சிறிது உதவும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் உள்ளறை அழுத்தம் ஏறத்தாழ 6,000 அடி உயரத்துக்கு நிகராக வைக்கப்படுகிறது. பழைய வகைகளில் அது 8,000 அடி வரை போகும். நீண்ட பறப்பின் முடிவில் தலைவலியும் களைப்பும் குறைவது இதனால்தான். சீட்டு வாங்கும்போது விமான வகை குறிக்கப்பட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெட் லேக் என்ற நேர மாற்றக் களைப்பைக் காரணம் காட்டி மேற்கு வழியை ஆதரிப்பவர்கள் இருக்கிறார்கள். மேற்கே போனால் நாள் நீள்வதால் உடல் எளிதில் பழகும் என்ற அறிவுரை, ஐந்தாறு மணி நேர வேறுபாடுள்ள ஊர்களுக்குப் பொருந்தும். சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே கோடைகாலத்தில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி வேறுபாடு. இங்கே காலை பத்து என்றால் கோடையில் அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பதரை. பகல் இரவாகவும் இரவு பகலாகவும் முழுதாகப் புரண்டுவிட்ட பிறகு, எந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு போனோம் என்பது உடலுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்த ஊரின் கடிகாரம் மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே இந்த இரண்டு ஊர்களைப் பொறுத்தவரை ஜெட் லேக் திசையைத் தீர்மானிக்கும் காரணமாகாது. இறங்கும் வேளை வேண்டுமானால் ஓரளவு தீர்மானிக்கும்: காலையில் இறங்குபவர் தம் உடலின் இரவு நேரத்தில் ஒரு முழுப் பகலைத் தூங்காமல் தள்ள வேண்டும், மாலையில் இறங்குபவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம். கிழக்கு வழியில் இதைக் கணக்கிடும்போது தேதிக்கோட்டை மறக்கக்கூடாது. சிங்கப்பூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் கோடையில் பதினைந்து மணி நேர வேறுபாடு. பறக்கும் நேரமும் ஏறத்தாழ அதே அளவு. எனவே அங்கிருந்து காலை ஒன்பதுக்குக் கிளம்பியவர் அதே தேதியில் காலை ஒன்பதரையை ஒட்டித்தான் இறங்குவார். அழைத்துப் போக வருபவர்கள் ஒருநாள் தவறாகக் கணக்கிட்டுவிடுவது இதனால்தான்.

வளைகுடா வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் மிகுதியாகத் தேர்ந்தெடுப்பது அதுவே. துபாய் கிழக்குத் தீர்க்கரேகை 55 பாகையில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் நேர் எதிர்த் தீர்க்கரேகையும் அதற்கு மிக அருகில்தான். ஆகவே துபாயிலிருந்து மிகக் குறுகிய வழி, ஈரான், ரஷ்யா ஆகியவற்றைக் கடந்து வடதுருவத்தை ஏறத்தாழ உரசிக்கொண்டு போகிறது. இதனால் கிடைக்கும் நன்மை, வழி கிழக்குமில்லை மேற்குமில்லை என்பதால் காற்றின் பாதிப்பு குறைந்து, போகவும் வரவும் கிட்டத்தட்ட ஒரே நேரம் ஆவது. பெரிய நிறுவனங்கள், அகன்ற நிலையங்கள், சென்னையிலிருந்து நாள்தோறும் பல விமானங்கள், போட்டியால் குறையும் கட்டணம் ஆகியவையும் உண்டு. ஆனால் அந்த வான்வெளி அமைதியான வான்வெளி அன்று. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் முழுவதும் மூடியது. அண்டை நாடுகள் சிலவும் மூடின. அந்தச் சில மணி நேரத்தின் விளைவுகள் அதன் பிறகும் தொடர்ந்தன. 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த வரலாறு காணாத மழையில் துபாய் நிலையம் நாள்கணக்கில் தத்தளித்ததும் நினைவிருக்கும். இளைஞர் ஒருவர் இதையெல்லாம் சமாளித்துக்கொள்வார். ஆங்கிலம் சரளமாகப் பேசாத, தனியாகப் பயணம் செய்யும் முதியவரை அனுப்பும்போது அக்காலத்துச் செய்திகளைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்க வேண்டும்.

வான்வெளிச் சிக்கல் வளைகுடாவோடு நிற்கவில்லை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்களுக்கும் பிரிட்டனின் நிறுவனங்களுக்கும் மூடிவிட்டது. இந்திய, வளைகுடா நிறுவனங்களுக்கு மூடவில்லை. சென்னை – பிராங்க்பர்ட் வழி ரஷ்யாவுக்குத் தெற்கே போவதால் நமக்கு இதனால் பெரிய இழப்பில்லை.

வான்வெளி மூடலால் இழப்பு டெல்லி வழிக்குத்தான்; அதற்குக் காரணம் ரஷ்யா அன்று, பாகிஸ்தான். தூரக் கணக்கில் முதலிடம் பெற்றது அதுவே. மொழித் தொல்லை இல்லை, மூன்றாம் நாட்டு விசாவைப் பற்றிய கவலையும் இல்லை. சென்னைக்கு அருகிலேயே பெங்களூரிலிருந்து 2021 ஜனவரியில் ஏர் இந்தியா நேரடிச் சேவை தொடங்கியபோது, அதன் முதல் வருகையைக் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண்களே முழுதும் இயக்கி, வடதுருவத்தின் மேல் பறந்து வந்தது பெருமையாகப் பேசப்பட்டது. ஆனால் இவ்வகை நெடும்பறப்புகள் எந்த நாட்டின் மேல் பறக்கலாம் என்பதை நம்பியே இருக்கின்றன. 2025 ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியதும், வட இந்தியாவிலிருந்து மேற்கே செல்லும் பறப்புகள் தெற்கே சுற்ற வேண்டி வந்தது. அமெரிக்கச் சேவைகள் சில வழியில் எரிபொருள் நிரப்ப நின்றன. டெல்லி – வாஷிங்டன் சேவை 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ரஷ்யாவின் மேல் பறப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2023 ஜூனில் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் ஒன்று எந்திரக் கோளாறு காரணமாக ரஷ்யாவின் தூரக்கிழக்கில் உள்ள மகதானில் இறங்க, 216 பயணிகள் மாற்று விமானம் வரும்வரை அங்கே காத்திருந்தார்கள். 2024 ஜூலையில் அதே தடத்தில் சென்ற மற்றொரு விமானம் சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்கில் இறங்கியது. இவை அரிய நிகழ்வுகள். விமானிகள் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்கள் என்பதும் உண்மை. அவற்றோடு டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லியின் மூடுபனியையும் சேர்த்தால், குளிர்காலத்தில் அந்த வழியில் மாறும் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கும். பாகிஸ்தான் வான்வெளி திறந்து, இடைநில்லாச் சேவை ஒழுங்காக ஓடும் காலம் வந்தால், முதியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று நான் தயங்காமல் சொல்வேன். இப்போதைக்கு வேறு வழிகளை முதலில் பார்ப்பதே மேல்.

விசா விஷயம் பலரும் கடைசியில் நினைவுகூர்வது. செல்லத்தக்க அமெரிக்க விசாவை இந்தியக் கடவுச்சீட்டில் வைத்திருப்பவர், ஒரே சீட்டில், நிலையத்தை விட்டு வெளியேறாமல், ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ மாறுவதற்குத் தனி விசா வேண்டியதில்லை. பிராங்க்பர்ட்டிலும் லண்டனிலும்கூட அந்த அமெரிக்க விசாவே விலக்குப் பெற்றுத் தரும். சிக்கல் வருவது திரும்பும்போது, அதுவும் அங்கே வேலை செய்பவர்களுக்கு. ஹெச்-1பி நிலையில் தங்கும் அனுமதி செல்லுபடியாகிக்கொண்டிருக்க, கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் நாள் முடிந்துபோயிருப்பது மிகச் சாதாரணம். அதைப் புதுப்பிக்கத்தான் அவர் இந்தியாவுக்கே வருகிறார். அவருக்கு ஐரோப்பிய நிலையங்களில் அந்த விலக்குக் கிடைக்காமல் போகலாம் என்பதால், வாயிலிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கும் நிலை வரலாம். இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை. அந்தந்த நாட்டுத் தூதரகப் பக்கத்தைப் பார்க்காமல் பிராங்க்பர்ட் வழியிலோ லண்டன் வழியிலோ சீட்டு வாங்கக் கூடாது. விசா நாள் முடிந்தவர்கள் ஹாங்காங், சிங்கப்பூர், வளைகுடா ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நிம்மதி.

பருவநிலையைப் பொறுத்தவரை எந்த ஊரும் குறையற்றது அன்று: ஹாங்காங்குக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளி, ஐரோப்பாவுக்குக் குளிர்காலப் பனி. போய்ச் சேரும் சான் பிரான்சிஸ்கோவிலேயே கோடைக் காலைகளில் கடல்மேகம் தரையோடு படிந்துவிடும். அங்குள்ள இணை ஓடுபாதைகள் இரண்டுக்கும் இடையே 750 அடிதான் இடைவெளி என்பதால், மேகம் தாழ்ந்திருக்கும்போது இரண்டு விமானங்கள் பக்கம்பக்கமாக இறங்குவதைக் கட்டுப்படுத்துவார்கள். அதனால் உள்நாட்டு விமானங்கள்தான் பெரும்பாலும் தாமதமாகும்; அங்கிருந்து வேறு ஊருக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள் மட்டும் இதைக் கவனித்தால் போதும்.

கட்டணத்தைக் குறைப்பதற்காக இரண்டு இடங்களில் மாறும் சீட்டுகளையும் முகவர்கள் காட்டுவார்கள்: சென்னை – லண்டன் – சிகாகோ – சான் பிரான்சிஸ்கோ என்பதுபோல. அமெரிக்காவில் முதலில் கால் வைக்கும் நிலையத்திலேயே குடியேற்றச் சோதனை நடக்கும்; பெட்டிகளையும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டிகளோடு எழுபது வயதுத் தம்பதியர் சிகாகோவில் அதைச் செய்வதை எண்ணிப் பார்த்தால், மிச்சமாகும் தொகை பெரிதாகத் தோன்றாது. சான் பிரான்சிஸ்கோவிலேயே நேராக இறங்கும், ஒரே மாற்றம் உள்ள சீட்டுகளை மட்டும் ஒப்பிடுவது என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது.

இனி யாருக்கு எது என்று பார்க்கலாம். அலுவல் காரணமாக அடிக்கடி போய்வரும், நல்ல உடல்நிலையில் உள்ளவர் ஹாங்காங் வழியாகப் போவதே சரி. தூரத்திலும் நேரத்திலும் அதற்கு நிகரில்லை. முதல்முறையாகத் தனியாகப் போகும் பெற்றோருக்கு, ஒன்றரை மணி நேரம் கூடினாலும் சிங்கப்பூரைப் பரிந்துரைப்பேன். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. வழி கேட்கத் தமிழ் பேசும் ஒருவர் அகப்படுவது அங்கே எளிது. ஆனால் பதினைந்தரை மணி நேரம் உட்கார அவர்களால் முடியும் என்பது உறுதியாக இருக்க வேண்டும். கால்வீக்கம், முதுகுவலி, இரத்த உறைவு வரலாறு உள்ளவர்களுக்குப் போகவும் வரவும் பிராங்க்பர்ட் அல்லது லண்டன். கைக்குழந்தையோடு போகும் தாய்க்கும் நான் ஐரோப்பாவையே சொல்வேன். பதினாறு மணி நேரத்தின் கடைசி நான்கு மணி நேரம் எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கட்டணம் ஒன்றே முதன்மை என்பவர்களுக்கு வளைகுடா, அமைதியான காலமாக இருந்தால்.

இவற்றையெல்லாம் விட, இரண்டு வழிகளையும் இணைப்பதைத்தான் நான் விரும்புகிறேன். போகும்போது ஹாங்காங் அல்லது சிங்கப்பூர் வழியாகப் பசிபிக்கைக் கடந்து பின்காற்றின் பயனைப் பெற்றுக்கொண்டு, திரும்பும்போது பிராங்க்பர்ட் அல்லது லண்டன் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து மறுபடியும் அதே பின்காற்றில் வந்து சேரலாம். திரும்பும் பயணத்தில் நேரம் எல்லா வழிக்கும் ஒன்றாகவே இருப்பதால், சமபாதியாகப் பிரியும் வழியின் வசதி அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. இதற்கு இரண்டு தனித்தனி ஒருவழிச் சீட்டுகள் வாங்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுப்தான்சாவும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருக்கின்றன. கேத்தே பசிபிக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கின்றன. ஒரே கூட்டணிக்குள் போக ஒரு நிறுவனம், வர ஒரு நிறுவனம் என்று ஒரே சீட்டாகப் பதியலாம். இணையத்தில் 'பல ஊர்கள்' என்ற தேர்வில் நான்கு பறப்புகளையும் தனித்தனியே உள்ளிட்டுத் தேட வேண்டும். நல்ல முகவரானால் அவரே செய்து தருவார். கட்டணம் சிறிது கூடலாம், மே – ஜூன், டிசம்பர் நெரிசல் காலங்களில் நிறையவே கூடலாம். அப்போது இந்த யோசனையை விட்டுவிடலாம்.

எந்த வழியானாலும் நான்கு பறப்புகளும் ஒரே பதிவு எண்ணின் கீழ் இருக்க வேண்டும். பெட்டிகள் சென்னையிலேயே சான் பிரான்சிஸ்கோ வரை பதிவாகிவிடுவதும், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் இடம் தரும் பொறுப்பு நிறுவனத்தின் மேல் விழுவதும் அப்போதுதான். மாறும் நேரம் இரண்டரை மணிக்குக் குறையாமலும் நான்கு மணியைத் தாண்டாமலும் இருப்பதைத் தேடலாம். முதியவர்களுக்கு வீல்சேர் உதவியைச் சீட்டுப் பதியும்போதே கேட்டு, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தொலைபேசியில் அழைத்து, மாறும் நிலையத்துக்கும் அது பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.